கழற்றாத உறை

பெட்டியை அப்பா கண்ணில் படாமல் கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அன்றைக்குக் கஷ்டமான காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முழுக்க, மாலை வகுப்பு முடிந்த பிறகு, வரைபட அறையின் கடைசி மேசையில் உட்கார்ந்து ஒட்டிய பிளாஸ்டிக் மாடல் விமானம்தான் பெட்டிக்குள் இருந்தது. நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இரண்டு என்ஜின், நீண்ட மூக்கு. சித்தப்பா கடைசியாக ஓட்டியது.

அதைச் செய்யலாமா என்று கேட்டபோது அப்பா வேலை மேசை விளக்கை அணைத்துவிட்டு எழுந்துபோனார். "வேண்டாம், ஸ்கேலு. அதுல என்ன சந்தோஷம் இருக்கு?" என்றார். வகுப்புப் பையில் எப்போதும் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருப்பதால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர்.

சித்திதான் செய்யச் சொன்னாள். சித்தப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டிலேயே இருப்பவள். அம்மா போன பிறகு அவள்தான் வீடு. "நீ செய். என்கிட்ட படம் இருக்கு" என்று சொல்லி, பீரோவில் புடவைகளுக்கு நடுவிலிருந்து அந்தப் புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று அவளே எடுத்தது. கல்யாணமான புதிது. விமானம் நகரத் தொடங்கிவிட்டது. சுழலும் விசிறிகள் புகை மாதிரி கலங்கித் தெரிகின்றன. பைலட் ஜன்னலில் ஒரு கை. அந்தக் கையைத்தான் சித்தி இத்தனை வருஷமாகப் பார்த்துவந்தாள். விமானம் என்பது அந்தக் கையைச் சுற்றி இருந்த ஏதோ ஒன்று.

சற்று நேரத்தில் அது பனிமூட்டத்தில் ஓடுபாதைக்கு அப்பால் விழுந்து எரிந்தது. சித்தப்பாவோடு நான்கு பயணிகள். வேகம் குறைவதைப் பைலட் கவனிக்கவில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். விமான நிலைய வாசலில் ஒரு கல் வைத்தார்கள். அதில் நான்கு பெயர் இருக்கிறது. ஐந்தாவது இல்லை. அந்த வழியாகப் பஸ் போகும்போது சித்தி எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பாள்.

அப்பாவும் அப்போது அங்கேதான் மெக்கானிக். அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டு மோட்டார் ரிப்பேர் கடை வைத்தார். விமானத்தோடு அவருக்கு மிச்சமிருந்தது பிளாஸ்டிக் மாடல்கள்தான். அதிலும் அவர் வைத்ததுதான் சட்டம். போர் விமானத்துக்கு எலுமிச்சை மஞ்சள் அடிப்பார். குண்டு வீசும் விமானத்தில் பூ வரைவார்.

நான் அப்படி இல்லை. எங்கள் வகுப்பில், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரை, தெரியும் என்று நினைப்பதை வரையாதே என்பார்கள். அதையே மாடலுக்கும் விதியாக்கிக்கொண்டேன். படத்தில் இருப்பது எல்லாம் இருக்க வேண்டும். இல்லாதது எதுவும் கூடாது. படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகச் செய்தேன். இறக்கையில் ஒரு தகடு மட்டும் வேறு நிறம். என்ஜின் ஓரம் எண்ணெய்க் கறை. மூக்குக்குக் கீழே ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயில் ஓர் உறை, அதிலிருந்து பின்பக்கமாகப் பறக்கும் சிவப்புப் பட்டை. மாத்திரை அட்டையின் தகட்டை வெட்டி, சிவப்பு அடித்து, அந்தப் பட்டையையும் ஒட்டினேன்.

எல்லாம் சரியாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

*

கண்காட்சி ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில். மேசைகளின் மேல் வெள்ளைத் துணி. அப்பா முன்னதாகவே வந்து தன் 'வண்டு'வை வைத்துவிட்டிருந்தார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட சண்டை விமானம். குழந்தைகள் எல்லாம் அந்த மேசையில்தான்.

நடுவராக வந்தவர் தொழிலில் பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இங்கேயும் கொண்டுவந்திருந்தார். அதை ஒவ்வொரு விமானத்தின் வயிற்றுக்குக் கீழேயும் நீட்டிப் பார்த்தார்.

"இது எந்தப் படையில இருந்தது?" என்று வண்டுவைக் காட்டிக் கேட்டார்.

"எங்க வீட்டுப் படையில, டாக்டர்."

"எந்த வருஷம்?"

"இந்த வருஷம்தான். போன வாரம் பெயின்ட் காய்ஞ்சது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க நிஜ விமானத்துல வேலை பார்த்தவரு. நீங்களே இப்படிப் பண்ணலாமா? இதுக்கு ஆதாரம் என்ன?"

"பொம்மைக்கு எதுக்கு டாக்டர் சாட்சி? அது பாட்டுக்கு இருக்கட்டும். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வந்தாப் போதும்."

"மூக்குல அந்தக் குழாயைக்கூட வைக்கலை நீங்க."

"அது உடைஞ்சு உடைஞ்சு போகுது. விட்டுட்டேன்."

டாக்டர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அப்பா என்னையும் சித்தியையும் பார்த்துச் சிரித்துக் கண்ணடித்தார். அன்று அவர் சிரித்தது அதோடு சரி.

சித்தி என் பெட்டியைத் திறந்தாள். நான் இரண்டு கையாலும் விமானத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அப்பா மூவருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். பார்த்ததும் நின்றுவிட்டார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளர்களை மேசையில் வைத்துவிட்டு மெல்லக் குனிந்தார். இறக்கையில் நிறம் மாறிய தகட்டுக்கு மேல், தொடாமல், விரலை நீட்டினார்.

"இந்தத் தகடு நான் மாத்தினது" என்றார். குரல் கனிந்திருந்தது. "பெயின்ட் வந்து சேரலை. உன் சித்தப்பன் கத்தினான், ஒட்டுப்போட்ட சட்டையைப் போட்டு அனுப்புறியாடான்னு."

"டா போட்டா பேசுவாரு?" என்றாள் சித்தி.

"அங்க நான் மெக்கானிக், அவன் பைலட். வீட்டுலதான் நான் அண்ணன்."

சித்தி சிரித்தாள். செய்தது சரிதான், இதற்காகத்தான் செய்தேன் என்று தோன்றிய நிமிஷம் அது. நீளமான நிமிஷம் இல்லை.

அப்பாவின் விரல் இறக்கையைத் தாண்டி மூக்குப் பக்கம் போய் நின்றது.

"இதை எதுக்கு வெச்ச?"

"எதைப்பா?"

"இந்தச் சிவப்பை."

"படத்துல இருக்கு."

"எந்தப் படத்துல?"

பதில் சொல்வதற்குள் டாக்டர் வந்துவிட்டார். அவருக்கு விமானம் பிடித்திருந்தது. சக்கரத்தின் சேற்றைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், "யாருப்பா இது, அருமை" என்றார். பிறகு கண்ணாடியை மூக்குக்குக் கீழே விட்டார். உச்சுக் கொட்டினார்.

"இங்கதான் கோட்டை விட்டுட்டியேம்மா."

"என்ன சார்?"

"விசிறி சுத்துற மாதிரி வெச்சிருக்க. அப்ப விமானம் கிளம்பிடுச்சு. ஆனா உறையைக் கழட்டலையே? இது நிறுத்தி வெச்ச விமானத்துக்குப் போடறது. தூசி, பூச்சி உள்ளே போகாம இருக்க. ஒண்ணு நிக்குது, இல்லை பறக்குது. ரெண்டும் ஒண்ணா வராது. அஞ்சு மார்க் போச்சு."

எனக்கு முகம் சுட்டது. தப்பு என்றால் ஒப்புக்கொள்வேன். தப்பில்லாததைத் தப்பு என்றால் மட்டும் பொறுக்காது. கோப்பிலிருந்து பெரிதாக்கிய படத்தையும் மூலப் படத்தையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நானா எதையும் சேர்க்கலை சார். நீங்களே பாருங்க. விசிறி சுத்துது. பட்டையும் இருக்கு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க எடுத்தது?"

"நான் எடுத்தது" என்றாள் சித்தி. "அவர் கிளம்பும்போது. ஏன்?"

"கீறலாக்கூட இருக்கலாம்…"

"கீறல் சிவப்பாவா இருக்கும்?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். அவருக்கு எங்கள் கதை தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். "இந்தக் குழாய்க்குள்ள காத்து போனாத்தான் பைலட்டுக்கு வேகம் தெரியும். உறையோட ஏறிட்டா முள்ளு பொய் சொல்லும். அதனாலதான் கண்ணுல படுற மாதிரி சிவப்புப் பட்டை. யாரும் மறக்க மாட்டாங்கம்மா."

"மறந்தா?"

"பனி இருந்தா… தரை தெரியலைன்னா… ரொம்பக் கஷ்டம்."

"அதைக் கழட்டுறது யாரு வேலை?"

சித்தியின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

"தரையில இருக்கிற மெக்கானிக். அப்புறம் பைலட்டும் ஏறுறதுக்கு முன்னாடி விமானத்தை ஒரு சுத்து சுத்திப் பார்க்கணும். ரெண்டு பேரும் பார்க்கணும்னுதான் விதி."

நான் திரும்பிப் பார்த்தேன். மேசையில் மூன்று டம்ளர் டீ. அப்பா நின்ற இடத்தில் யாரும் இல்லை. கூடத்தின் அந்தக் கோடியில் வண்டுவைச் சுற்றிக் குழந்தைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

*

பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. சித்தி படத்தை மடியில் வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் கையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மூக்கை மட்டும் பார்த்துவந்தாள். வழியில் விமான நிலைய வாசல் வந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. கல் கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்தாள்.

"சித்தி, அது கீறலாக்கூட…"

"சும்மா இருடி."

அதுவரை என்னை அவள் அதட்டியதே இல்லை.

வீட்டில் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அப்பா வேலை மேசைக்கு முன்னால், சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் நூலில் தொங்கிய விமானங்கள் மின்விசிறிக் காற்றில் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மஞ்சள், பச்சை, பூப்போட்டது, கோடு போட்டது. சின்ன வயதிலிருந்து நான் அண்ணாந்து பார்த்தவை.

அன்றைக்குத்தான் வேறு மாதிரி பார்த்தேன். ஒவ்வொன்றின் மூக்கையும் பார்த்தேன். ஒன்றில்கூட அந்த ஊசிக் குழாய் இல்லை.

உடைந்திருந்தால் முறிந்த இடம் தெரிய வேண்டும். தெரியவில்லை. மேசைக்குக் கீழே மிச்சம் மீதி போட்டுவைக்கும் தகர டப்பாவை இழுத்துத் திறந்தேன். பாகங்களைக் கிள்ளி எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டங்கள். மற்ற எல்லாம் கிள்ளி எடுத்த சட்டங்களில் ஒரே ஒரு பாகம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சட்டத்திலும் அதே பாகம். அந்தச் சின்னக் குழாய். அவர் அதைத் தொட்டதே இல்லை.

டப்பாவை மூடினேன். என்ன பார்த்தேன் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் என்னைத் தடுக்கவும் இல்லை.

சித்தி நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "விமானத்தை எடுத்து வை" என்றாள் என்னிடம். வைத்தேன்.

"மாமா, அது கீறலா?"

அப்பா மேசை விளக்கைப் போட்டார். தலையை ஆட்டினார். இல்லை.

"தினமும் எடுக்கிறதும்மா. காலையில வந்ததும் கழட்டி, சுருட்டி, டூல்ஸ் பைக்குள்ள போடுறது. கை அதுவா செய்யும். அன்னிக்கும் எடுத்த மாதிரிதான் ஞாபகம். துணி பனியில நனைஞ்சு ஜில்லுனு இருந்தது. அதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா அது அன்னிக்கு நனைஞ்சதா, முந்தின நாள் நனைஞ்சதான்னு…"

சித்தி நாற்காலியை இன்னும் அருகில் இழுத்தாள்.

"விசாரணையில உங்களைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"எடுத்தேன்னு சொன்னேன்."

"பையைத் திறந்து பார்த்திருப்பீங்க. அது விசாரணைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மேலே ஒரு விமானம் முழுச் சுற்றுத் திரும்பி நின்றது.

"முன்னாடி."

"பையில இருந்ததா?"

"இல்லை."

சித்தி அழவில்லை. முந்தானையால் மேசையின் ஓரத்தைத் துடைத்தாள். அங்கே எதுவும் சிந்தியிருக்கவில்லை.

"வேகத்தைக் கவனிக்கலைன்னு எழுதினாங்க, மாமா. அவர் முள்ளைப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பார். அது பொய் சொல்லியிருக்கு. நாலு பேரைக் கொன்னவன் பொண்டாட்டின்னு ஒருத்தி என் முகத்துக்கு நேரா சொன்னா. நீங்க பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லலை."

"அவனும் சுத்திப் பார்த்திருக்கணும்மா." அப்பாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "நான் விட்டாலும் அவன் பார்த்திருப்பான். என்னைவிட அவன்தான் கறாரு. தகட்டுக்கே கத்தினவன். அன்னிக்கு மட்டும் ஏன் சுத்தலைன்னுதான் இத்தனை வருஷமா…"

"நான் கூப்பிட்டேன்."

அப்பா நிமிர்ந்தார்.

"இரவல் கேமரா. சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். இங்க வாங்க, ஒண்ணு எடுத்துக்கறேன்னு வேலிகிட்ட நின்னு கத்தினேன். சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தார். எடுத்தேன். அப்படியே நேரா போய் ஏறிட்டார். அது சுத்த வேண்டிய நேரம்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கு அந்தப் பல் டாக்டர் சொல்லித்தான் தெரியுது."

"அந்தப் படம்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வெளிச்சம் பட்டு வீணாப்போச்சு. முகம் இருந்த படம் போச்சு. கை மட்டும் தங்குச்சு."

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. பொம்மைக்கு எதுக்கு சாட்சி என்று காலையில் சிரித்தவர், இடுக்கியை எடுத்தார். ஒட்டும்போது நான் பயன்படுத்துவது போன்ற சின்ன இடுக்கி. விளக்கை மூக்குக்கு அருகில் இழுத்துக்கொண்டார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று புரிவதற்குள் இடுக்கியின் முனை சிவப்புப் பட்டையைப் பிடித்துவிட்டது.

"வைங்க மாமா" என்றாள் சித்தி. "இப்ப எதுக்கு?"

மெல்லிய 'டிக்' என்று ஒரு சத்தம். உறையோடு சேர்ந்து வந்துவிட்டது. அப்பா அதை உள்ளங்கையில் போட்டு, கையை மூடிக்கொண்டார்.

சித்தி எழுந்தாள். புகைப்படத்தை எடுத்து, தாளில் சுற்றினாள்.

"கல்லுல அவர் பேரு வரணும். நாளைக்குக் காலையில இதை எடுத்துக்கிட்டு விமான நிலைய ஆபீசுக்குப் போறேன். நான் கூப்பிட்டதையும் சொல்லுவேன். எதையும் மறைக்கப் போறதில்லை."

"நானும் வர்றேன்" என்றார் அப்பா.

"வேண்டாம். நீங்க எதிர்ல நின்னா எனக்கு வாய் வராது. இருபது வருஷமா இந்த வீட்டுலதான் சாப்பிட்டிருக்கேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஸ்கேலு வரட்டும். படத்துல எது எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். நானா எதையும் சேர்க்கலைன்னு டாக்டர்கிட்ட சொன்னியே, அதையே அங்க வந்து சொல்லு."

"சித்தி, அப்பாவை…"

"உங்க அப்பாவைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். படத்துல இருக்கறதை மட்டும் சொல்லு. போதும்."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். போகாதே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். போ என்று சொன்னாலும் பரவாயில்லை என்றிருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைச் செய்துவிடலாம். அவர் மூடிய கையோடு எழுந்து, வாசலில் போய் நின்றுகொண்டார்.

மேசையில் விமானம் இருந்தது. சிவப்பு இருந்த இடத்தில் இப்போது பசையின் வெள்ளைத் தழும்பு. அதைச் சரிசெய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். நைசான உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, ஒரு சொட்டு சாம்பல் நிறம். உறை இருந்ததே யாருக்கும் தெரியாது. பெயின்ட் புட்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.